அம்புகுத்தி மலையும் இடைக்கல்லும்: வயநாட்டுக் குகை ஒன்றின் கதையும் எழுத்தும்

கேரள மாநிலத்தின் வயநாடு மாவட்டத்தில், அம்பலவயல் என்னும் சிற்றூருக்கு அண்மையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் அம்புகுத்தி மலை நிற்கிறது. அதன் சரிவில் அமைந்துள்ள எடக்கல் குகை, தென்னிந்தியப் பாறைச் செதுக்கல்களின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தமிழ் எழுத்து வரலாற்றை ஆராய்வோர்க்கும் அது இன்றியமையாத சான்றிடம். இக்குகையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அது ‘கண்டுபிடிக்கப்பட்ட’ செய்தியோடு தொடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் காட்டினுள் மறைந்து கிடந்த குகையைக் கண்டார் என்பதே அச்செய்தி. ஆயின், குகை எவரிடமிருந்து மறைந்திருந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மலைக்கும் குகைக்கும் வழங்கும் பெயர்களையும், அவற்றைச் சூழ்ந்த கதைகளையும், குகைச் சுவரில் உள்ள எழுத்துகளையும் ஒருசேர வைத்து நோக்கினால், ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை.

காவல் அதிகாரியின் பயணம்

எஃப். ஃபாசெட் மலபார் மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளர். அக்காலத்தில் மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. நம்பூதிரிகளைப் பற்றியும் மலபார் நாயர்களைப் பற்றியும் சென்னை அருங்காட்சியக வெளியீடுகளில் எழுதிய இனவரைவியலாளராகவும் அவர் அறியப்பட்டவர். வயநாட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் அகப்பட்ட புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்றே அவருடைய ஆர்வத்தைத் தூண்டியது என்பர். அத்தகைய கருவிகளைச் செய்தோர் வேறு தடயங்களையும் விட்டுச் சென்றிருக்கக் கூடும் என்ற எண்ணத்தோடு தேடியவரை, அப்பகுதிக் குறும்பர் ஒருவர் காட்டு வழியே குகைவாயிலுக்கு இட்டுச் சென்றார் என்று சொல்லப்படுகிறது. அவர் எழுதிய குறிப்புகள் 1901ஆம் ஆண்டின் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளிவந்தன. எடக்கல் அறிஞர் உலகின் கவனத்திற்கு வந்தது அப்போதுதான்.

வழிகாட்டியவர் இல்லையேல் ஃபாசெட் அவ்விடத்தை அடைந்திருக்க இயலாது. வழிகாட்டியவரோ தாம் எதையும் கண்டுபிடித்ததாகக் கருதியிருக்க மாட்டார். அவருக்கு அது பாட்டன் காலம் முதல் தெரிந்த பாறை. முள்ளுக்குறுமர், குறிச்சியர், பணியர், காட்டுநாயக்கர், வயநாடன் செட்டிமார் எனப் பல குடிகள் சூழ்ந்து வாழும் மலை அது. மலையுச்சியில் முடியாம்பிள்ளி என்னும் அம்மனை வழிபடச் செல்லும் வழக்கமும், குட்டிச்சாத்தனோடு மலையைத் தொடர்புபடுத்தும் கதையும் இங்கு வழங்கி வந்துள்ளன. ஆகவே குகை மறைந்திருந்தது அறிவாளர் குழாத்திலிருந்து மட்டுமே. ஆய்வு வரலாற்றில் முதலில் பதிவு செய்தவர் பெயர் நிலைத்தது. வழிகாட்டியவர் தம் குடிப்பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறார்.

பெயர்கள் சொல்வன

எடக்கல் என்னும் பெயரைத் தமிழர் விளக்கமின்றியே உணர்வர். இடையில் உள்ள கல் என்பது அதன் பொருள். இகர முதற்சொற்கள் எகரமாக ஒலிக்கும் வழக்குத் தமிழ்ப் பேச்சிலும் உண்டு. குகையை நேரில் காண்பவர்க்கு இப்பெயரின் துல்லியம் வியப்பளிக்கும். ஏனெனில் எடக்கல் உண்மையில் குகையே அன்று. பெரும்பாறை ஒன்று மலையினின்று பிளந்து விலகியதால் இரு செங்குத்துச் சுவர்களுக்கிடையே ஓர் இடைவெளி உண்டாயிற்று. மேலிருந்து சரிந்த பெருங்கல் அவ்விடைவெளியின் தலைப்பில் சிக்கிக் கூரையாக நின்றுவிட்டது. அந்தக் கூரைக்கல்லே ‘இடைக்கல்’. நிலவியலார் பல தொடர்களில் விளக்குவதை ஊர்மக்கள் ஒரு சொல்லில் அடக்கியுள்ளனர்.

சங்க இலக்கியச் சொல்வழக்கு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. மலையிடத்து உறைவிடங்களைக் குறிக்க விடர், அளை, முழை எனத் தனித்தனிச் சொற்கள் அங்கு ஆளப்படுகின்றன. புறநானூற்றின் 86ஆம் பாடலில் காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற இடத்தோடு ஒப்பிடுகையில் அளை என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார். மலைப்பிளவு என்னும் பொருளுடைய விடர் என்பதே எடக்கல்லுக்குப் பொருந்தும் சொல். குகை என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பின்னர் வந்த ‘எடக்கல் குகை’ என்னும் வழக்கைவிட, வெறும் ‘எடக்கல்’ பழமையானதாகவும் நுட்பமானதாகவும் தோன்றுகிறது.

அம்புகுத்தி என்னும் மலைப்பெயர் வேறொரு கதையைத் தாங்கியுள்ளது. இராமனின் மைந்தர்களாகிய இலவனும் குசனும் எய்த அம்பு தைத்ததால் மலை பிளந்தது என்பது பரவலாக வழங்கும் கதை. வயநாட்டில் இது தனித்து நிற்கும் கதையன்று. புல்பள்ளியில் சீதைக்கும் அவள் மைந்தர்க்கும் கோயில் உண்டு. வான்மீகியின் ஆசிரமம் இருந்த இடமாக ஆசிரமக்கொல்லி சுட்டப்படுகிறது. சீதை நிலத்தினுள் மறைந்தபோது இராமன் பற்றிய கூந்தல் மட்டும் அவன் கையில் எஞ்சியது என்று சொல்லி, அந்நிகழ்ச்சிக்கு உரிய காவையும் புல்பள்ளிப் பகுதியில் காட்டுவர். முத்தங்கா வழியில் உள்ள பொன்குழியில் சீதையின் கண்ணீரால் நிறைந்ததாகச் சொல்லப்படும் குளம் இருக்கிறது. உத்தரகாண்டக் கதை முழுவதும் வயநாட்டு நிலப்பரப்பின் மீது விரித்து வைக்கப்பட்டுள்ளது எனலாம். அசீஸ் தருவண தொகுத்த வயநாட்டு இராமாயணக் கதைகள் இம்மரபின் அகலத்தைக் காட்டுகின்றன. அங்கே இராமனைவிடச் சீதையும் அவள் பிள்ளைகளுமே நிலத்திற்கு உரியவர்கள். கைவிடப்பட்ட பெண்ணுக்கு அடைக்கலம் தந்த காடு தங்கள் காடே என்னும் பெருமிதம் இக்கதைகளின் அடியில் ஓடுகிறது.

மலைப்பெயரில் அம்பு மட்டுமே உள்ளது. எய்தவன் பெயர் இல்லை. இலவகுசர் கதை இப்பகுதியில் வேரூன்றுவதற்கு முன்பே, மலை பிளந்த தோற்றத்தைக் கண்டோர் அதனை அம்பு தைத்த புண்ணாகக் கருதியிருக்கலாம். பின்னர் இராமாயணம் மலையேறியபோது, வில்லாளியைத் தேடிக்கொண்டிருந்த அம்புக்கு இரு சிறுவர் கிடைத்தனர். இதனை ஊகம் என்ற அளவிலேயே கொள்ள வேண்டும். எனினும், பெயர் முன்னும் கதை பின்னுமாக அமையும் முறை இடப்பெயராய்வில் புதியதன்று.

தமிழ்நாட்டுக் குன்றுகளோடு ஒப்பிடுகையில் மற்றொன்று தெளிவாகிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளை மக்கள் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்றனர். மாங்குளத்துக் குகைக் கல்வெட்டை 1882இல் இராபர்ட் சுவல் குறித்தார். இத்தகைய எழுத்துகள் தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் நிறுவினார். நெடுஞ்செழியன் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருந்தும் கதைமரபு அவனை அறியவில்லை. படுக்கையைக் கண்டது, யார் படுத்தார் என்று கேட்டது, பாண்டவரை விடையாகச் சொன்னது. எடக்கல்லில் மக்கள் பிளவைக் கண்டனர். யார் பிளந்தார் என்று கேட்டனர். இரண்டிடத்தும் கதை கண்ணுக்குத் தெரியும் பருப்பொருளுக்கு விடையளிக்கிறதேயன்றி எழுத்துக்கு விடையளிக்கவில்லை. எழுத்தறியாமையின் விளைவு என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது, சரியன்று. பழைய எழுத்தைப் படிக்கும் திறன் கற்றோரிடத்தும் அற்றுப்போயிருந்த நூற்றாண்டுகளில், அவ்விடம் சிறப்புடையது, மனிதர் கால் பட்டது என்னும் அறிவைக் காத்துத் தந்தது கதைதான்.

சுவரில் உள்ளவை

குகைக்கு இன்று செல்வோர் அடிவாரத்திலிருந்து காப்பித் தோட்டங்களினூடே ஏறி, பாறைகளுக்கிடையே குனிந்து கீழறையை அடைகின்றனர். கீழறை ஏறத்தாழ 18 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. அதனினின்று மேலே ஏறினால் 96 அடி நீளமும் 22 அடி அகலமும் கொண்ட பெரிய அறை திறக்கிறது. கூரைக்கல் இடைவெளியை முழுதும் அடைக்காததால் மேலிருந்து ஒளி இறங்குகிறது. ஒளி சாய்ந்து விழும் வேளையில் சுவர்கள் நிறைந்த செதுக்கற் கோடுகள் துலங்குகின்றன. உச்சி வெயிலில் பல கோடுகள் பாறையோடு பாறையாகிவிடும். உயர்ந்த தலையணி பூண்ட மனித உருவங்கள், விலங்குகள், சக்கரம் போன்றவை, கட்டங்கள், பொருள் விளங்காத குறிகள் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இவை புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலோர் கருத்து. ஆயின் பாறையில் கீறிய கோட்டிற்குக் கரிமக் காலக்கணிப்புச் செய்ய இயலாது. சுற்றுலா ஏடுகள் தயக்கமின்றி அச்சிடும் ஆண்டெண்கள் பாணியையும் ஒப்புமையையும் கொண்டு செய்த மதிப்பீடுகளே.

செதுக்கல்களுக்கு நடுவே பிற்காலத்து எழுத்துகள் உள்ளன. ஃபாசெட்டின் கட்டுரைக்காக அவற்றை முதலில் படித்தவர் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ். விஷ்ணுவர்மன் என்னும் பெயரைக் கொண்ட வடமொழி வாசகம் ஒன்று. பல புலிகளைக் கொன்றவன் என்று பொருள்படுவதாகக் கொள்ளப்படும், ‘பல்புலி’ என்று தொடங்கும் வாசகம் மற்றொன்று. இப்பொருள் ஏற்கப்படுமாயின், தமிழ்ச்சொல்லும் வடசொல்லும் ஒரே தொடரில் கைகோத்து ஒரு வேட்டைவீரனின் புகழைச் சொல்வது மொழி வரலாற்றுக்கு அரிய செய்தி. வயநாடு இன்றும் புலி உலவும் காடு. பின்னாளில் எம்.ஆர். ராகவ வாரியர், ஐராவதம் மகாதேவன் ஆகியோரின் ஆய்வுகளால் தமிழ்ப் பிராமி வாசகங்கள் மேலும் சில வெளிப்பட்டன. 2012இல் பேசப்பட்ட வாசகத்தில் ‘கடும்மி’ என்னும் பெயரும் ‘சேர’ என்னும் சொல்லும் இடம்பெறுகின்றன. தாய்வழிப் பெயரமைப்பு ஒன்றும் சேரர் தொடர்பும் அதில் காணப்படுகின்றன என்பது வாசித்தோர் துணிபு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் இரும்பொறை மரபினர் முனிவர்க்கு உறைவிடம் அளித்த கல்வெட்டுகளோடு இதனை வைத்து நோக்கினால் வேறுபாடு புலப்படும். புகழூரில் கொடை; எடக்கல்லில் கொடை இல்லை, படுக்கை இல்லை, பள்ளி இல்லை. பெயரும் புகழும் மட்டுமே உள்ளன. வந்தவர்கள் தாம் வந்ததைப் பொறித்துச் சென்றனர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. அவர்கள் காலத்திலேயே இவ்விடம் பழமையானது. சுவரில் ஏற்கெனவே இருந்த கோடுகளைக் கண்டுதான் அவர்களும் எழுதத் துணிந்திருக்க வேண்டும். எடக்கல்லைக் ‘கண்டுபிடித்தவர்’ வரிசையில் கடும்மியின் வழியினரும் உளர்; புலி கொன்றவனும் உளன்.

புதிய கதை

அம்புக் கதையை நகைத்து ஒதுக்கும் ஆய்வுலகமும் கதை புனைவதினின்று விலகி நிற்கவில்லை. 2009இல் எடக்கல் செதுக்கல்களில் ஒன்று, சிந்துவெளி முத்திரைகளில் காணப்படும் கலம் ஏந்திய மனித உருவத்தை ஒத்துள்ளது என ராகவ வாரியர் அறிவித்தபோது, அச்செய்தி நாளிதழ்கள் வழியே விரைந்து பரவியது. உருவ ஒற்றுமை ஆராயத் தக்கதே. ஆயினும் இரு நிலங்களுக்கிடையே உள்ள தொலைவையும் கால இடைவெளியையும் இணைக்க அதுமட்டும் போதாது. இடைப்பட்ட சான்றுகள் வேண்டும். வயநாட்டுக் குகையைச் சிந்துவெளியோடு இணைக்கும் வேட்கை, அதனை அயோத்தியோடு இணைத்த வேட்கையினின்று எவ்வளவு வேறுபட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் தொலைவிலுள்ள பெருமையை அண்மையிலுள்ள மலைக்கு வரவழைக்கின்றன.

குகை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அம்பலவயலில் உள்ள அருங்காட்சியகத்தில் வயநாட்டு நடுகற்களும் கற்கருவிகளும் வைக்கப்பட்டுள்ளன. மலையைச் சுற்றிக் கருங்கல் உடைப்பதற்கு எதிரான குரலும் பலமுறை எழுந்துள்ளது. இடையில் சிக்கிய ஒரு கல்லை நம்பி நிற்கும் விடருக்கு வெடியதிர்ச்சி எத்தகைய கேடு என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பாதுகாப்புப் பற்றிய பேச்சில் சுவர் இடம்பெறும் அளவுக்குச் சொல் இடம்பெறவில்லை. கல்வெட்டுகளுக்கு மைப்படியும் ஒளிப்படமும் உண்டு. ஒரே எழுத்தின் வாசிப்பு வேறுபாடுகள் குறித்து அறிஞர் விவாதிக்கின்றனர். அம்புகுத்திக் கதையோ வழிகாட்டி நூல்களில் ஒரே வரியாகச் சுருங்கி, எல்லா இடத்தும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. குறுமர் சொல்லும் வடிவம் எது, செட்டிமார் சொல்லும் வடிவம் எது, முடியாம்பிள்ளி அம்மனுக்கும் அம்புக்கும் அவர்கள் காணும் உறவு யாது, மலையேற்ற வழிபாட்டில் பிளவுக்கு இடமுண்டா என்பனவற்றைச் சொல்வோர் குடி, ஊர், வயது ஆகியவற்றோடு பதிவு செய்யும் களப்பணி, கல்வெட்டு வாசிப்பிற்குத் தரப்படும் அதே கண்டிப்போடு மேற்கொள்ளப்பட வேண்டியுள்ளது.