வில்லியனூர் வயர்லெஸ், நல்லவாடு ஒலிபெருக்கி

எலக்ட்ரானிக்ஸ் வரலாறுன்னா டிரான்சிஸ்டர், பெல் லேப்ஸ்னுதான் ஆரம்பிப்போம். இன்னைக்கு நான் வில்லியனூரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். கிராமங்களில் நம்பகமான தொலைபேசி இணைப்பு குறைவு. அதனால் வி.எச்.எஃப் வயர்லெஸ் வைத்தார்கள். பேச்சு போகிற ரேடியோவில் கணினித் தகவல் எப்படிப் போகும்? மோடம் 0, 1 இரண்டையும் ஒலிகளாக மாற்றிவிடும். ரேடியோவைப் பொறுத்தவரை அதுவும் ஒரு குரல்தான். கரன்ட் போனால் சமாளிக்கச் சூரிய மின்சாரமும் பேட்டரியும் இருந்தன.

அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இங்கே இறக்கி, மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு அனுப்புவாங்க. அங்கே அது ஒலிபெருக்கியில் தமிழில் ஒலிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கடல் நிலவரம் கிடைத்துவிடும்.

இதேபோல் நல்லவாட்டிலும் ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி எச்சரித்தார். மக்கள் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். சுனாமியில் வீடுகளும் படகுகளும் போயின. ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஒலிபெருக்கிக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு கூம்பு. பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஆனா அன்னைக்கு அது வேலை செய்ததுக்குக் காரணம், அந்தக் குரல் ஊருக்குப் பழகின குரல். மைக் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.