இரைப்பைப் புற்றும் மருந்தின் கால அளவும்

1881 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29 ஆம் நாள், வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், 43 அகவையுடைய பெண்மணி ஒருவரின் இரைப்பையில் புற்றுற்ற பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். 1879 இல் பெயான் என்னும் பிரெஞ்சுக்காரரும், 1880 இல் ரிதிகியர் என்னும் போலந்தியரும் இவ்வாறே முயன்றனர். அவர்தம் நோயாளிகள் பிழைத்திலர். பில்ரோத்தின் நோயாளியோ தேறி எழுந்து உணவு உண்டார். ஆயினும் ஏறத்தாழ நான்கு திங்களில் அந்நோயே மீண்டும் தலைதூக்கி அவர் உயிரைக் கவர்ந்தது.

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். தமிழர் புற்று என்றனர். வெளியே சிறு மேடு, உள்ளே எண்ணற்ற வழிகள்! நோயின் இயல்பை நோக்குமிடத்துத் தமிழ்ப்பெயரே மிகப் பொருந்துகிறது. மேட்டை வெட்டிய கத்தி வழிகளை எட்டவில்லை. ஆங்கெல்லாம் குருதியோடு சென்று தாக்கும் மருந்து தேவைப்பட்டது.

அம்மருந்துகளுள் ஒன்றை 1957 இல் அமெரிக்க அறிஞர் சார்லசு ஐடல்பர்கர் குழுவினர் வெளிப்படுத்தினர். எலியின் ஈரலில் தோன்றிய கட்டிகள் யுராசில் என்னும் பொருளை மிகுதியாக ஈர்த்துக்கொள்வது முன்னரே அறியப்பட்டிருந்தது. அப்பொருளில் ஒரு ஐதரசன் அணுவை நீக்கிப் புளூரின் அணுவை அமைத்தனர். உணவென்று கருதிப் புற்றணு அதனை ஏற்கும். ஏற்றபின் மரபுப் பொருளை ஆக்க இயலாது மடியும். புளூரோயுராசில் எனும் இம்மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. பின்னர் பிளாட்டினச் சேர்மங்கள் துணைவந்தன. அவற்றுள் ஆக்சாலிபிளாட்டினை 1976 இல் சப்பானிய அறிஞர் கிதானி உருவாக்கினார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பிளாட்டின மருந்து உடலிற் சேரச் சேரக் கைகால்கள் மரத்துப் போகும். பொத்தானை மாட்டுவதும் அரிதாகும். நோயோ முற்றிப் பரவியது. முழுதும் நீங்குவது அரிது. அங்ஙனமாயின், நஞ்சினையொத்த மருந்தை எத்துணைக் காலம் கொடுப்பது? முதற்சில திங்கள் முழு வலிமையோடு தாக்கி, நோய் அடங்கி நிற்குமாயின் கடுமருந்தை நிறுத்தி எளிய மருந்தைத் தொடர்வது என்னும் முறை இவ்வாறு பிறந்தது. இதனைப் பேணல் மருத்துவம் எனலாம்.

2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எர்-2 என்னும் புரதம் மிகுந்த கட்டியுடையோர்க்கு ஆறு சுற்று வேதிமருந்து முடிந்த பின்னும் திராசுடுசுமாப் தொடர்ந்து அளிக்கப்பட்டது. வாழ்நாளின் நடுவளவு 11.1 திங்களிலிருந்து 13.8 ஆக உயர்ந்தது. ஏனையோர்க்கு அத்துணை எளிதில் வழி கிட்டவில்லை. 2020 இல் வெளியான ஆய்வொன்றில், 12 வாரத்திற்குப்பின் வேதிமருந்தை விடுத்து அவெலுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்துக்கு மாறியோர் 10.4 திங்களும், பழைய மருந்தையே தொடர்ந்தோர் 10.9 திங்களும் வாழ்ந்தனர். பெரிதும் எதிர்பார்த்த மாற்றம் பயன் தரவில்லை.

2024 இல் இத்தாலிய மருத்துவர்கள் 280 நோயாளிகளின் முடிவை வெளியிட்டனர். மூன்று திங்களுக்குப்பின் பிளாட்டினத்தை நிறுத்திப் பாக்ளிடாக்சலும் ராமுசிருமாபும் பெற்றோர்க்கு வாழ்நாள் 12.6 திங்கள், பழைய முறையினர்க்கு 10.4. ஆனால் மருந்து மாறியோரிடத்து வெள்ளணுக்கள் குறைவது மிகுதியாகக் காணப்பட்டது.