நாயகன் ஒரு திருடன்

மேலைநாட்டு ஒப்பராவை முதன்முறை பார்ப்பவர் முகஞ்சுளிப்பதுண்டு. மோசார்ட்டின் 'டான் ஜியோவானி' (1787) நாயகன் பெண்பித்தன், கொலையும் செய்தவன். "இவனுக்கா இத்தனை இனிய பாட்டு?" என்பார்கள்.

'மூவிராசாக்கள்' கூத்தில் ஏரோதையும் பார்த்துப் பழகிய மன்னார்க் கரையார் இப்படிக் கேட்கமாட்டார்கள். வெள்ளாங்குளத்திலிருந்து மேற்கே கடல் கடந்தால் கீழக்கரை. அவ்வூர் வள்ளலைப் போற்றும் 'சீதக்காதி நொண்டி நாடக'த்தின் நாயகனும் திருடனே. தாசியிடம் பொருளிழந்து, குதிரை திருடப்போய்க் காலிழந்தவன். அந்த இழிவை அவனே வாய்விட்டுப் பாடுகிறான். பிறர் சொன்னால் அது புறணி. அவனே பாடும்போது வெறுக்க மனம் வருவதில்லை.

ஜியோவானி மனந்திரும்ப மறுத்து நரகம் புகுகிறான். நொண்டியோ வள்ளல் உதவியால் மக்கா சென்று காலை மீளப் பெறுகிறான். எனக்கென்னவோ, கால் வளர்ந்த பிறகு அவன் பாட்டில் பழைய ருசி இல்லை.