கட்டி ஓரிடம், கேடு வேறிடம்

நுரையீரலிலோ சினைப்பையிலோ இருக்கும் கட்டி, மூளையைத் தொடாமலேயே மூளையைக் கெடுக்கக்கூடும். கட்டியை எதிர்க்கப் புறப்படும் நோயெதிர்ப்பு, அதே சாயல் கொண்ட நரம்பணுக்களையும் பகையென்று தாக்கிவிடுகிறது. புற்றுநோயோடு வரும் நரம்புக் கேட்டை 1888இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஓப்பன்ஹைம் பதிவு செய்தார். 1948இல் டெரெக் டென்னி-பிரவுன், நுரையீரல் புற்று கொண்ட இருவருக்கு உணர்வு நரம்புகள் பாழானதை விவரித்தார். வைத்தியம் என்று சொல்ல அன்று ஒன்றுமில்லை.

இந்த நோயைக் கையாளத் தேவையான துறைகள் இங்கே தனித்தனியே வளர்ந்தன. தமிழ்நாட்டில் நரம்பு அறுவைத்துறை வேலூரில் ஜேக்கப் சாண்டியால் 1949இலும், சென்னையில் பி. ராமமூர்த்தியால் 1950இலும் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் வந்தது. கொங்குப் பகுதியில், கோவையின் பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் பஞ்சாலைப் பணத்தில் எழுந்தவை: லட்சுமி மில் குடும்பத்தாரின் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952, ராமகிருஷ்ணா 1975, பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி 1985. இடையில் 1966இல் அரசு மருத்துவக் கல்லூரி. இந்த நோய்க்கு நரம்பியல், புற்றியல், மகளிர் மருத்துவம் மூன்றும் கைகோக்க வேண்டும். தனித்தனியே வளர்ந்த அந்தத் துறைகள் ஒரே ஊரில் சேர்ந்ததுதான் கோவைக்கு வாய்த்த வசதி.

1980களில் நியூயார்க்கில் ஜெரோம் போஸ்னர் குழு, 'ஹு', 'யோ' எனும் ஆன்டிபாடிகளை ஆராய்ந்தது. இரண்டும் நோயாளிகளின் பெயர்த் தொடக்க எழுத்துகள். அவை அடையாளம் மட்டுமே. நரம்பணுவைக் கொல்வது நோயெதிர்ப்பின் டி அணுக்கள். செத்த அணு மீளாது என்பதால், ஸ்டீராய்டு கொடுத்தும் பலன் சொற்பமே.

2007இல் நிலைமை மாறியது. பென்சில்வேனியாவில் ஜோசப் டால்மாவ் குழு 12 பெண்களை விவரித்தது. 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா. முடி, பல், சில சமயம் மூளைத் திசுகூட வளரும் கட்டி அது. பெரும்பாலும் புற்றும் அல்ல. நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியை ஆன்டிபாடி பிடித்திழுக்கிறது, அணு சாவதில்லை. ஆகவே மீட்சி உண்டு. இந்நோயால் இளம்பெண் திடீரென உளறி, வலிப்பு வந்து, வாய் கோணி, பேச்சற்றுக் கிடந்தால் வீட்டார் முதலில் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கவும், பிறகு மனநல மருத்துவரிடமும் போவது இயல்பே.

இன்றைய முறை இது: முதுகில் நீர் எடுத்து ஆன்டிபாடி பார்ப்பார்கள், ஸ்கேனில் கட்டியைத் தேடி, இருந்தால் அகற்றுவார்கள். கூடவே ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம், அல்லது இம்யூனோகுளோபுலின். பின்னது ஐந்து நாளில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம் ஆகும் விலையுயர்ந்த மருந்து. தேறாவிட்டால் ரிட்டுக்சிமாப். அதே 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் அதன் உள்நாட்டு வடிவத்தை வெளியிட்டது. 2013இல் 577 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில், இரண்டாண்டு வரை கவனிக்கப்பட்டவர்களில் சுமார் 81 சதவீதம் பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர். இந்த ஆன்டிபாடிகளைப் பார்க்கும் நோயெதிர்ப்பு நரம்பியல் ஆய்வுக்கூடம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கொச்சி அம்ருதா மருத்துவமனையிலும் உண்டு.

2011இல் புழக்கத்துக்கு வந்த, நோயெதிர்ப்பின் கடிவாளத்தை அவிழ்க்கும் புற்று மருந்துகள் சிலரிடம் இவ்வகை நரம்புக் கேட்டைத் தூண்டுகின்றன. அப்போது புற்றுக்கான மருந்தை நிறுத்தி, மூளையைக் காக்க ஸ்டீராய்டு தொடங்க வேண்டியிருக்கிறது.