எண்ண ஆளிருந்தது, நிற்க ஆளில்லை

எந்தத் தேர்தல் வந்தாலும் எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரே பேச்சுதான். "மெஷினை ஹேக் பண்ண முடியுமா, முடியாதா?" பொட்டி தட்டுற பயலுக கூடினா வேற எதைப் பேசுவோம்? :-) ஆனா நான் மதுரைக்காரன். எங்க மாவட்டத்துக் கதை தெரிஞ்சதால, இந்தக் கேள்வி எனக்குப் பாதிக் கேள்வியாத்தான் படுது. ஏன்னு சொல்றேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். அகநானூறு 77-வது பாட்டு, மருதன் இளநாகனார் பாடியது. போரில் செத்துக் கிடக்கும் வீரர்களின் குடலைக் கழுகு இழுக்கிறது. அதுக்கு அவர் சொல்ற உவமைதான் ஆச்சரியம். கயிறு கட்டி முத்திரை வெச்ச பானையை, முத்திரையைச் சரிபார்த்து உடைச்சு, உள்ளே இருக்கிற ஓலையை எடுக்கிற ஆட்களாம். இது தேர்தல் பானைதான்னு சொல்றவங்க உண்டு, வெறும் ஆவணப் பானைன்னு சொல்றவங்களும் உண்டு. எதுவானாலும், முத்திரையைப் பார்த்த பிறகுதான் உடைக்கணும்கிற எண்ணம் அப்பவே இருந்திருக்கு.

அடுத்தது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரில் 30 குடும்புகள். பேர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில்தான் வாங்கணும். கையில் வேற ஓலையை ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாதுல்ல! அந்தக் காலத்து செக்யூரிட்டி ஆடிட்.

ஆனா குடத்துக்குள்ள யார் பேர் போகலாம்? 35 வயசுக்கு மேல், 70-க்குள் இருக்கணும். கால் வேலிக்கு மேல் வரி கட்டுற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேணும். அது பிராமணர்களின் சபை. ஊரில் மற்றவங்க பேர் குடத்துக்குப் பக்கத்தில்கூட வராது. எடுக்கிறதில் அவ்வளவு சுத்தம், போடுறதில் இவ்வளவு தடை.

இனி எங்க மாவட்டத்துக்கு வருவோம். 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-ல் உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். நாலிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏத்துக்கலை. சில தடவை யாருமே மனு போடலை. சில தடவை ஊர்ப் பெரியவங்க நிறுத்தின ஆள் ஜெயிச்சு, பதவியேத்த கையோட ராஜினாமா பண்ணிட்டார். தேதி குறிக்கிறதும், தேர்தல் இல்லாம முடியறதுமா பத்து வருஷம் போச்சு.

மேலூர்ப் பக்கம் மேலவளவில் நிலைமை இன்னும் கொடூரம். அங்கே மனு போட்டாங்க, ஓட்டும் போட்டாங்க. இடையில் வாக்குச்சாவடியில் வன்முறை நடந்து, மறுபடி போலீஸ் காவலோட 1996 டிசம்பர் கடைசியில் தேர்தல் நடந்தது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் இன்னும் அஞ்சு பேரையும் வெட்டிக் கொன்னாங்க. எண்ணினதில் ஒரு தப்பும் இல்லை. எண்ணி வந்த முடிவைத்தான் அவங்களால தாங்க முடியலை.

எங்க பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். நிறைய தேர்தல் டியூட்டி பார்த்தவர். ஊராட்சித் தேர்தலில் ஒரே பொட்டியில் நாலு கலர் சீட்டு விழும். வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர்னு கலர் கலரா பிரிச்சு, கட்டுக் கட்டி, விடிய விடிய எண்ணணும். "எண்றது கை வலிக்கிற வேலைப்பா, கஷ்டமான வேலை இல்லை. கஷ்டம் மனு வாங்குற மேஜையில இருக்கு. அங்க யாரும் வரலைன்னா எதை எண்றது?" என்பார்.

2006-ல் நிலைமை மாறுச்சு. அப்போ மதுரை கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராப் போய்ப் பேசினார். தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் வருஷக்கணக்கா நடத்தின போராட்டம் அதுக்கு முன்னாடியே இருக்கு, அதை மறந்துடக் கூடாது. அக்டோபரில் நாலு ஊரிலும் தேர்தல் நடந்தது. ஜெயிச்சவங்க இந்தத் தடவை ராஜினாமா பண்ணலை. நவம்பரில் முதல்வர் கருணாநிதி அவங்களைச் சென்னைக்கு அழைச்சு விழா எடுத்தார். 2021 அக்டோபர் 2-ல் முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராமசபையில் வந்து உட்கார்ந்தப்போ, அவருடைய செயலாளரா அதே உதயச்சந்திரன் கூட வந்தார்.

மெஷினைச் சந்தேகப்படுங்க, தப்பே இல்லை. சீலைப் பாருங்க, ஏஜெண்டா உட்கார்ந்து நம்பரைச் சரிபாருங்க, விவிபேட் சீட்டை எண்ணச் சொல்லுங்க. ஆனா அந்தப் பத்து வருஷம் நாலு ஊரிலும் யாரும் எதையும் ஹேக் பண்ணலை. அதுக்கான அவசியமே வரலை.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி மனுவோடயே நின்னுபோன தேர்தல் இருந்தா எழுதுங்க மக்கா. ஜெயிச்சவங்க கணக்கு எங்கேயும் கிடைக்கும். நிற்க முடியாமப் போனவங்க கணக்கை நாமதான் எழுதி வைக்கணும்.