இறாலை மல்லாத்திப் போட்டவர்

ஞாயித்துக்கிழமைன்னா இறால் சுத்தம் பண்ற வேலை நம்ம தலையில்தான். முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை உருவுவோமே, அதை ரொம்ப நாளா நரம்புன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். அது குடலாம்! நிஜ நரம்புத் தண்டு வயித்துப் பக்கம் ஓடுது. பக்கத்துத் தட்டுல கிடக்கிற மீனுக்கு நேரெதிர். நரம்பு முதுகில், குடல் வயிற்றில்.

இந்த மேட்டருக்காகப் பாரிஸ்ல பெரிய சண்டையே நடந்திருக்கு. ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் என்ற விலங்கியலாளர் 1822-ல் ஒரு சிங்கி இறாலை மல்லாத்திப் போட்டுப் பார்த்தார். நரம்பு மேலே, குடல் நடுவுல, இதயம் அடியில. அட, நம்மளை மாதிரியே! எல்லா விலங்குக்கும் அடிப்படை அமைப்பு ஒண்ணுதான்னு அடிச்சுச் சொன்னார்.

எதிர்த்தவர் சாதாரண ஆளில்லை, குவியே. விலங்குகளை நாலு பெரும் கூட்டமாப் பிரிச்சு, நடுவுல பாலமே கிடையாதுன்னவர். 1830-ல் அறிவியல் அகாடமியில் ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினாங்க. குவியே ஜெயிச்சதாத்தான் பலரும் நினைச்சாங்க. ஜெஃப்ராய் கடைசிக் காலத்தில் பார்வையிழந்து 1844-ல் இறந்துபோனார்.

உண்மையைச் சொன்னா, அவர் கணக்கு இடிக்கிற இடம் தலைதான். இறாலோட மூளை உணவுக்குழாய்க்கு மேலே இருக்கு. அங்கிருந்து நரம்பு ரெண்டாப் பிரிஞ்சு, குழாயைச் சுத்திக்கிட்டு வயித்துக்கு இறங்குது. திங்கிறதெல்லாம் அந்த நரம்பு வளையத்துக்குள்ளே நுழைஞ்சுதான் போகணும் :) மல்லாத்தினா மூளை குழாய்க்குக் கீழே போயிடும். நமக்கு அப்படியா இருக்கு?

1995-ல் பழ ஈயோட 'சாக்' என்ற ஜீனின் ஆர்.என்.ஏ.வைத் தவளைக் கருவின் வயித்துப் பக்கம் செலுத்திப் பார்த்தாங்க. அங்கே முதுகுப் பக்கத் திசு உருவாச்சு! 'இங்க நரம்பு வேண்டாம், தோல் போதும்'னு சொல்ற புரதத்தைத் தடுக்கிறதுதான் அந்த ஜீனோட வேலை. ஈயில் அது வேலை செய்யறது வயித்துப் பக்கம். அதோட தவளைப் பங்காளி 'கார்டின்' வேலை செய்யறது முதுகுப் பக்கம். தலையிலும் இதே கதை: முன்மூளையை உருவாக்குற ஜீன் ஈக்கும் எலிக்கும் ஒரே குடும்பம்.

அப்ப ஜெஃப்ராய்க்கு முழு மார்க்கா? உடம்பு கவிழ்ந்த விஷயத்தில் நான் போட்டுடுவேன். ஆனா 2018-ல் பல வகைக் கடல் புழுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவங்க, ஜீன்கள் பொதுவா இருந்தாலும் நரம்புத் தண்டு தனித்தனியா பல தடவை உருவாகியிருக்கும்னு எழுதினாங்க. வேற பலர் இதை ஏத்துக்கலை. குவியே கட்சிக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டு இருக்கு.