பிரௌன் குடும்பம், பிராவிடென்ஸ்

வட அமெரிக்காவில் இங்கிலாந்தின் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்த ரோட் தீவின் பிராவிடென்ஸ் நகரில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் சமயப் பற்றுடைய எளிய குடியானவர் ஒருவரால் தொடங்கப்பெற்று, நான்காம் தலைமுறையில் கடல் வணிகத்தை மேற்கொண்டு, ஐந்தாம் தலைமுறையில் நான்கு சகோதரரின் கூட்டு முயற்சியால் மெழுகுவர்த்தி, இரும்பு, ரம், அடிமை வியாபாரம், கீழைக்கடல் வர்த்தகம், பருத்தி நூற்பு ஆகிய துறைகளில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் இது. அமெரிக்காவின் தொன்மையான கல்விச்சாலைகளுள் ஒன்றாகிய பிரௌன் பல்கலைக்கழகம் இக்குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுதந்திரப் போரின் முன்னோடிச் செயல்களுள் ஒன்றை நடத்தியவரும், அடிமை வாணிகத்தை இறுதிவரை ஆதரித்தவரும், அதனை ஒழிக்க ஆயுள் முழுவதும் பாடுபட்டவரும் ஒரே குடும்பத்தில், சிலவேளை ஒரே உருவில், தோன்றினர் என்பதே இவ்வம்சாவளியை ஆராய்ச்சிக்குரியதாக்குகிறது.

மூலபுருஷர்

வம்சத்தின் மூலபுருஷராகிய சாட் பிரௌன், மனைவி எலிசபெத்துடனும் மகன் ஜானுடனும் 'மார்ட்டின்' என்னும் கப்பலில் 1638ஆம் ஆண்டில் பாஸ்டன் வந்திறங்கினார். அங்கு ஆட்சி செலுத்திய பியூரிட்டன் சபையின் கண்டிப்புக்கு உட்பட விரும்பாதவர்கள், சமய சுதந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு ரோஜர் வில்லியம்ஸ் நிறுவிய பிராவிடென்ஸை நாடிச் சென்ற காலம் அது; சாட் பிரௌனும் அவ்வாண்டே அங்குக் குடிபெயர்ந்தார். நிலம் அளப்பவராகவும், அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையின் ஆதி போதகருள் ஒருவராகவும் விளங்கிய அவரை, 1640இல் குடியேறியவர்களிடையே எழுந்த நில வழக்குகளைத் தீர்த்து ஆட்சிமுறைக்கு உடன்படிக்கை வகுத்த நால்வருள் ஒருவராக ஊரார் நியமித்தனர். அவருக்குக் கிடைத்த மனைநிலத்தின் ஒரு பகுதியிலேயே, நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அவருடைய வழித்தோன்றல்களின் ஆதரவு பெற்ற கல்லூரியின் முதற்கட்டிடம் எழுந்தது.

மகன் ஜான், தம் சமயக் கொள்கைக்காக 1651இல் பாஸ்டனில் கசையடி பெற்ற ஒபதையா ஹோம்ஸ் என்னும் போதகரின் மகள் மேரியை மணந்தார். இவர்களுடைய மகனாகிய முதலாம் ஜேம்ஸ், 1640ஆம் ஆண்டின் நடுவர் நால்வருள் மற்றொருவரான வில்லியம் ஹாரிஸின் பேத்தியை மணந்தார்; பாட்டனைப் போலவே இவரும் சபையின் மூப்பராக வாழ்ந்தார். இவ்வாறு முதல் மூன்று தலைமுறைகளும் உழவையும் ஊழியத்தையுமே தொழிலாகக் கொண்டிருந்தன. ஆயினும் நகரின் மூத்த குடும்பங்களோடு செய்துகொண்ட மணவுறவுகளால், பின்னாளில் வணிகத்துக்கு இன்றியமையாததாகிய நம்பிக்கை என்னும் மூலதனத்தை அவை சேர்த்து வைத்தன.

கடல் வணிகத்தின் தோற்றம்

முதலாம் ஜேம்ஸின் மகனாகிய இரண்டாம் ஜேம்ஸ் (1698-1739) கலப்பையை விட்டுக் கப்பலேறியவர். இவர் 1722இல் மணந்த ஹோப் பவர் என்னும் அம்மையார், பிராவிடென்ஸில் முதல் கப்பல்துறையை 1680இல் அமைத்த பார்டன் டில்லிங்காஸ்டின் பேத்தி ஆவார். ஜேம்ஸ் கடையும் சாராய வடிசாலையும் வைத்து, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் குதிரை, மரம், உணவுப்பொருள் ஆகியவற்றை அனுப்பி, அங்கிருந்து கரும்புப் பாகைத் தருவித்து ரம் வடித்து விற்றார். அந்த ரம்மையே பண்டமாற்றாகக் கொண்டு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கும் கொடுந்தொழிலுக்கு, பிராவிடென்ஸிலிருந்து சென்ற முதற் கப்பலாகிய 'மேரி'யை 1736இல் அனுப்பியவரும் இவரே. சரக்குப் பொறுப்பாளராக அதில் சென்றவர் இவருடைய இளைய சகோதரர் ஒபதையா.

1739இல் ஜேம்ஸ் அகால மரணம் அடைந்தபோது, கடைசிப் பிள்ளை மோசஸ் கைக்குழந்தை. கைம்பெண்ணாகிய ஹோப் அம்மையார் ஐந்து புதல்வரையும் ஒரு புதல்வியையும் வளர்த்து ஆளாக்கி, 1792 வரை வாழ்ந்து, புதல்வருள் மூவரின் மரணத்தைக் கண்ட பின்னரே கண்மூடினார். வாணிகத்தைக் காத்தவர் சிற்றப்பனாகிய ஒபதையா. அண்ணன் மக்களைக் கணக்கிலும் கடிதப் போக்குவரத்திலும் பயிற்றித் தம் தொழிலில் சேர்த்துக்கொண்ட அவர், மோசஸைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்; பின்னர் மோசஸ் அவருடைய மகள் அன்னாவையே மணந்தார். சிற்றப்பன் மகளை மணப்பது அச்சமுதாயத்தில் விலக்கப்பட்டதன்று; கூட்டுத் தொழிலின் பங்குகள் குடும்பத்துக்கு வெளியே சிதறாமல் காக்க அத்தகைய மணம் உதவிற்று.

நான்கு சகோதரர்

மூத்தவர் ஜேம்ஸ் 1751இல் இறந்துவிட, எஞ்சிய நிக்கலஸ் (1729-1791), ஜோசப் (1733-1785), ஜான் (1736-1803), மோசஸ் (1738-1836) ஆகிய நால்வரும், 1762இல் சிற்றப்பன் காலமானதும், 'நிக்கலஸ் பிரௌன் கம்பெனி' என்ற பெயரில் கூட்டாகத் தொழில் நடத்தினர்.

அவர்களுடைய வருவாயின் பெருந்தூணாக விளங்கியது திமிங்கில மெழுகுவர்த்தித் தொழில். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் கொழுப்பைக் காய்ச்சிச் சுத்தம் செய்து பீப்பாய்களில் நிரப்பி, குளிர்காலத்தில் உறையவிட்டு, உறைந்ததைக் கம்பளிப் பைகளில் இட்டு மரச்செக்கின் அழுத்தத்தில் பிழிவார்கள். முதலில் வடிவது விளக்கெரிக்கப் பயன்படும் விலை உயர்ந்த எண்ணெய். பையில் எஞ்சும் கட்டியை இளவேனிலில் மீண்டும் உருக்கிப் பிழிந்து, காரநீர் சேர்த்து வெளுப்பாக்கி வார்த்தால், புகையும் நாற்றமும் இன்றி எரியும் வெண்ணிற மெழுகுவர்த்தி கிடைக்கும். மூலப்பொருள் அருகியமையால் அதன் விலை ஏறாதிருக்கும்பொருட்டு, 1761இல் மெழுகுவர்த்தி உற்பத்தியாளர்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பின்னர் அது திருத்தப்பட்டபோது, வந்துசேரும் ஒவ்வொரு 100 பீப்பாய் கொழுப்பிலும் 20 பீப்பாய் பிரௌன் சகோதரருக்கு என்று வகுக்கப்பட்டது. ஏனைய எந்த நிறுவனமும் அவ்வளவு பங்கு பெறவில்லை. அமெரிக்க மண்ணில் தோன்றிய முதல் தொழில் கூட்டமைப்புகளுள் ஒன்றாக இதனைப் பொருளாதார வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

1765இல் பாடக்செட் ஆற்றங்கரையில் சகோதரர்கள் இரும்பு உருக்கும் உலைக்களம் ஒன்றைப் பிறருடன் சேர்ந்து அமைத்து, அதற்குத் தாயின் பெயரால் 'ஹோப் உலை' என்று பெயரிட்டனர். சுதந்திரப் போர்க் காலத்தில் அங்குப் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. நால்வருள் நிக்கலஸ் நிதானமும் கணக்கில் நுட்பமும் உடைய நிர்வாகி. ஜோசப்போ இலாபத்தைவிட விஞ்ஞானத்தில் நாட்டம் கொண்டவர்: 1769 ஜூன் 3ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்ததை நோக்குவதற்காகத் தம் செலவில் கருவிகளைத் தருவித்து, பெஞ்சமின் வெஸ்ட் என்னும் பஞ்சாங்க ஆசிரியருடன் சேர்ந்து அதனைக் கணித்தார். 1775இல் திறக்கப்பட்ட முதல் பாப்டிஸ்ட் ஆலயத்தின் கட்டிட அமைப்பை வகுத்தவருள் முதன்மையானவரும் இவரே. முன்னோர் ஊழியம் செய்த சபைக்கு அவர் அளித்த அவ்வாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

'சாலி' கப்பலின் யாத்திரை

1764 செப்டம்பரில் நால்வரும் சேர்ந்து 'சாலி' என்னும் கப்பலை, ஈசெக் ஹாப்கின்ஸ் தலைமையில், பதினேழாயிரம் காலனுக்கு மேற்பட்ட ரம்முடன் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினர். ரம் மலிந்து கிடந்த அக்கரையில் ஒன்பது மாதங்களுக்கு மேல் தங்கி, ஒவ்வொருவராகவும் இருவராகவும் வாங்கிச் சேர்த்த 196 ஆப்பிரிக்கருள் குறைந்தது 109 பேர் மாண்டனர். கடலில் சில நாள் சென்றதும் அவர்கள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழ, மாலுமிகள் சுட்டுச் சிலரைக் கொன்றனர். அதன்பின் நோயாலும் பட்டினியாலும் மனமுறிவாலும் நாள்தோறும் பலர் மடிந்தனர். கப்பலின் கணக்கேட்டில், விற்ற ரம்மின் அளவும் வாங்கிய சரக்கும் எழுதப்பட்ட அதே கையால், இறந்தவர் ஒவ்வொருவரும் ஆண், பெண், சிறுவன், சிறுமி என்ற குறிப்போடு வரிசை எண்ணிட்டுப் பதியப்பட்டிருக்கின்றனர்; பெயர் ஒன்றேனும் இல்லை. தன் வம்சாவளியை எட்டுத் தலைமுறைக்கு எழுதி வைக்கத் தெரிந்த ஒரு குடும்பம், பிறர் வம்சத்தை எவ்வாறு அறுத்தெறிந்தது என்பதற்கு இவ்வேட்டைவிட வலிய சாட்சியம் வேண்டுவதில்லை.

பேரிழப்பில் முடிந்த இந்த யாத்திரைக்குப் பின்னர் நிக்கலஸும் ஜோசப்பும் மோசஸும் அத்தொழிலிலிருந்து விலகினர். ஜான் விலகவில்லை.

ஜானும் மோசஸும்

ஜான் பிரௌன் துணிச்சலே உருவானவர். சுங்கக் கண்காணிப்புக்காக நரகான்செட் விரிகுடாவில் வணிகக் கப்பல்களை மறித்துவந்த 'காஸ்பீ' என்னும் அரசாங்கக் கப்பல், 1772 ஜூன் 9ஆம் நாள் ஒரு கப்பலைத் துரத்திச் சென்று மணல்திட்டில் தரைதட்டியது என்ற செய்தி கிட்டியதும், துடுப்புகளின் ஓசை கேளாதவாறு துணி சுற்றிய எட்டுப் படகுகளை அவர் அன்றிரவே திரட்டினார். படகிற் சென்றவர்கள் கப்பலின் தலைவராகிய வில்லியம் டடிங்ஸ்டனைச் சுட்டுக் காயப்படுத்தி, அவரையும் மாலுமிகளையும் கரைசேர்த்தபின், கப்பலைத் தீக்கிரையாக்கினர். அரசர் நியமித்த விசாரணைக் குழுவுக்குப் பெரும்பாலும் எவரும் சாட்சி சொல்ல முன்வராமை, அக்குடியேற்றத்தின் ஒருமனத்தைக் காட்டிற்று. 1775இல் ஜானை ஆங்கிலேயர் சிறைப்பிடித்துப் பாஸ்டனுக்குக் கொண்டுசென்றபோது, தனியே சென்று பரிந்து பேசி மீட்டவர் தம்பி மோசஸ்.

அத்தம்பியின் வாழ்வு அதற்கு முன்னரே திசை மாறியிருந்தது. 1773இல் மனைவி அன்னா இறந்த துயரத்தினிடையே மனச்சாட்சியின் குரலுக்குச் செவிசாய்த்த மோசஸ், அவ்வாண்டு நவம்பரில் தம் அடிமைகளை விடுதலை செய்து, பயிரிட நிலத்தின் பயனையும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியையும் அளிப்பதாக உறுதி கூறினார். மறு ஆண்டில் குவேக்கர் சபையில் சேர்ந்தார். அடிமைத் தாய்மாருக்கு அதன்பின் பிறக்கும் மக்கள் சுதந்திரர் என்று விதித்த 1784ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அவர் இடையறாது உழைத்தார். 1789இல் அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்றவும் முன்னின்றார். அதே ஆண்டில் நகரின் செய்தித்தாளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் நின்று வாதிட்டதை ஊர் முழுவதும் படித்தது. அமெரிக்காவிலிருந்து அடிமை வாணிகத்தின் பொருட்டுக் கப்பலனுப்புவதைத் தடுத்த 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக வழக்குக்கு உட்பட்டவர் ஜான். 1797இல் அவருடைய கப்பல் பறிமுதலாயிற்று. அக்கப்பலின் பெயரும் 'ஹோப்' என்பதே. இத்தனைக்கும் இடையே சகோதரரின் பாசம் முறியவில்லை. தம்பி கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி அண்ணனைத் திருத்த முயன்றார்.

ஜானின் ஊக்கம் புதிய கடல்வழிகளையும் திறந்தது. 1787 டிசம்பரில் அவரும் மருமகன் ஜான் பிரான்சிஸும் அனுப்பிய 'ஜெனரல் வாஷிங்டன்' என்னும் கப்பல், மதீராத் தீவு வழியாகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து, பின்னர்க் காண்டன் சென்று தேயிலையும் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு 1789 ஜூலையில் திரும்பியது. பிராவிடென்ஸ் கீழைநாடுகளோடு கொண்ட நேரடி வர்த்தகம் இதனால் தொடங்கியது. புதிய அமெரிக்கக் குடியரசின் கொடியைச் சோழமண்டலக் கரை கண்ட முற்பட்ட தருணங்களுள் இதுவும் ஒன்று.

மோசஸ் நாடியது உள்நாட்டுக் கைத்தொழிலை. இங்கிலாந்தின் நூற்பாலை நுட்பங்களை மனத்தில் ஏந்தி வந்த சாமுவேல் ஸ்லேட்டர் என்னும் இளைஞரை அவர் ஆதரித்தார். மருமகன் வில்லியம் ஆல்மியின் நிறுவனத்தின் பொருளுதவியால் 1790 டிசம்பரில் பாடக்கெட்டில் நீர்விசையால் பருத்தி நூற்கப்பட்டது. அமெரிக்கத் தொழிற்புரட்சியின் தொடக்கம் என இதனைக் கொண்டாடுவர். ஆனால் ஆலைகள் பெருகப் பெருகத் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்புக்குத் தேவையும் பெருகியது. ஒரு தனிமனிதரின் தூய நோக்கம் தான் வாழும் பொருளாதாரத்தின் பிணைப்பிலிருந்து தப்புவது எத்துணை அரிது என்பதற்கு மோசஸின் வாழ்க்கையே உதாரணம்.

கல்லூரியும் பிற்காலச் சந்ததியும்

1764இல் சாசனம் பெற்ற ரோட் தீவுக் கல்லூரியை, 1770இல் வாரன் நகரிலிருந்து பிராவிடென்ஸுக்குக் கொண்டுவந்ததில் நான்கு சகோதரருக்கும் பங்குண்டு. நிக்கலஸின் மகனும் அக்கல்லூரியின் பட்டதாரியுமாகிய இளைய நிக்கலஸ் (1769-1841) அளித்த 5,000 டாலர் நன்கொடையை ஏற்று, 1804இல் அது பிரௌன் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிற்று. அவருடைய சகோதரி, பாட்டியின் பெயரைப் பெற்ற ஹோப், 1792இல் தாமஸ் பாய்ன்டன் ஐவ்ஸை மணந்ததன் பயனாகத் தோன்றிய 'பிரௌன் அண்ட் ஐவ்ஸ்' நிறுவனம் நெடுங்காலம் நிலைத்தது; பல்கலைக்கழகத்தில் தாம் கட்டுவித்த மண்டபத்துக்கு இளைய நிக்கலஸ் அச்சகோதரியின் பெயரையே இட்டார்.

ஜானின் புதல்வியர் வழியாக வம்சம் வேறு துறைகளிலும் படர்ந்தது. அபிகேல் என்னும் மகளின் புதல்வர் ஜான் பிரௌன் பிரான்சிஸ் 1833 முதல் 1838 வரை ரோட் தீவின் ஆளுநராக இருந்தார். சாரா என்னும் மகள் ஜெர்மானியராகிய ஹெரெஷாப்பை மணக்க, அவ்வழியில் பந்தயப் பாய்க்கலங்களை வடிவமைப்பதில் உலகப்புகழ் பெற்ற நத்தேனியல் ஹெரெஷாப் தோன்றினார். மோசஸின் மகன் ஒபதையா 1822இல் குழந்தையின்றி இறக்கும்போது, குவேக்கர் பள்ளிக்கு ஒரு லட்சம் டாலர் எழுதி வைத்தார். பின்னாளில் அப்பள்ளி மோசஸின் பெயரால் வழங்கலாயிற்று.

இளைய நிக்கலஸின் மகன் ஜான் கார்ட்டர் பிரௌன் (1797-1874), அமெரிக்கக் கண்டங்களைப் பற்றிய பழைய நூல்களை ஐரோப்பா முழுவதும் தேடி வாங்கினார். அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் குடும்பத்தின் வணிக ஏடுகளும் கடிதங்களும் பாதுகாக்கப்படுகின்றன. 2003இல் பல்கலைக்கழகத் தலைவர் ரூத் சிம்மன்ஸ், அடிமை வாணிகத்தோடு அந்நிறுவனத்துக்கு இருந்த தொடர்பை ஆராயக் குழு அமைத்தார். 2006இல் வெளியான அதன் அறிக்கைக்குச் 'சாலி'யின் கணக்கேடு முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாயிற்று. வம்சாவளிகள் பெரும்பாலும் பெருமையைக் கூறவே எழுதப்படுகின்றன. ஆனால் பிரௌன் குடும்பத்தார் தம் வரவு செலவை மறைக்காமலும் எரிக்காமலும் வைத்துப் போனமையால், அவர்களுடைய தர்மத்தை அளப்பதற்கு மட்டுமன்றி, அத்தர்மத்துக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கும் பின்வந்த தலைமுறைகளுக்கு வழி கிடைத்தது. அவ்விரு கணக்கையும் ஒருங்கே வைத்துப் படிப்பவரே இக்குடும்பத்தின் வரலாற்றை முழுமையாக அறிந்தவர் ஆவர்.